ரெண்டாவது நாற்காலியில் யார்?

ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்தில் எங்கள் அணியான கேரளா பிளாஸ்டர்ஸ் தோற்ற மறுநாள் காலை எங்கள் கடற்கரையில் ஒரே கேள்விதான் ஓடும்: "அடுத்த கோச் ஆரு?" ஏன் தோற்றோம் என்று கேட்பவன் கிடையாது. டிஃபென்ஸில் ஓட்டையா, கோல்கீப்பர் சொதப்பினானா, நடுக்களத்தில் பந்தைப் பிடித்து வைக்க ஆளில்லையா, அதெல்லாம் அப்புறம். கோச்சை மாற்று, யாரைக் கொண்டுவரலாம் சொல்லு. அங்கே ஆரம்பித்தால் டீக்கடையில் மூன்றாவது ரவுண்டு டீ வந்தாலும் நிற்காது. நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுகிறவன்தான். ஆனால் இத்தனை பேச்சிலும் ஒரு ஆளைப் பற்றி, கோச்சுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரும் உதவிப் பயிற்சியாளரைப் பற்றி மட்டும் யாரும் வாயே திறப்பதில்லை. அது கொஞ்ச நாளாக உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு கேரளா டீமுக்கு ஏன் கொடி பிடிக்கிறாய் என்று சென்னைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். நீரோடியில் தமிழ்நாடு முடிகிறது, அடுத்த ஊர் பொழியூர் கேரளம். நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை வரிசையாக இருக்கும் கடற்கரை ஊர்களில் ஒன்று எங்களுடையது. வெளியாட்கள் மொத்தமாகத் தூத்தூர் பக்கம் என்பார்கள். சென்னை இங்கிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல், கொச்சி அதில் பாதிகூட வராது. அதோடு எங்கள் ஆழ்கடல் விசைப்படகுகள் பலவும் கொச்சி தோப்பும்படித் துறைமுகத்தில்தான் கட்டிக் கிடக்கும். மீனை இறக்கி, கணக்கு முடித்து, ஐஸும் டீசலும் ஏற்றக் காத்திருக்கும் நாளில் ஆட்டம் இருந்தால் பையன்கள் பிளாஸ்டர்ஸ் ஆடும் கலூர் மைதானத்துக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். மஞ்சள் சட்டை எங்கள் ஊருக்கு வந்தது அந்த வழியாகத்தான். டிவியில் பார்த்தாலும் ஷைஜு தாமோதரனின் மலையாள வர்ணனை ஓடினால்தான் எங்களுக்குக் கோல் கோலாகத் தெரியும்.

ஊர் முழுக்க மஞ்சள் என்று நினைத்துவிடாதீர்கள். நீலக்கட்சியும் உண்டு, சென்னையின் எஃப்சி அணியின் ரசிகர்கள். அவர்கள் 2015, 2018 என்று ரெண்டு கோப்பையைக் காட்டிக் காட்டியே எங்களைச் சாகடிப்பார்கள், எங்களுக்கு மூன்று ஃபைனல், மூன்றிலும் தோல்வி. மூன்றாவதாகச் சூசைராஜ் கட்சி. மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர், அவர் எந்த அணியில் ஆடுகிறாரோ அதுதான் அந்தக் கட்சிக்கு அணி. 2020 மார்ச்சில் கொல்கத்தாவின் ஏடிகே அணி சென்னையினை 3-1 என்று தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியபோது அவர் அந்த அணியில் இருந்தார். அன்றைக்கு நீலக்கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக்குள்ளேயே அப்பாவோடும் தம்பியோடும் பேச்சுவார்த்தை முறிந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2024 டிசம்பர் 16. பிளாஸ்டர்ஸ் கோச் மிக்கேல் ஸ்டாரேயை அனுப்பிவிட்டார்கள். ஸ்வீடன்காரர், மே மாதம் வந்தவர், முதல் லீக் ஆட்டமே திருவோணத்தன்று கொச்சியில் பஞ்சாபிடம் 2-1 தோல்வி. ஓணச் சாப்பாடு செரிக்காமல் போன நாள் அது. பிறகு 12 ஆட்டத்தில் 11 புள்ளி, ஏழு தோல்வி. கடைசியாகக் கொல்கத்தாவில் மோகன் பகானை 2-1 என்று மடக்கி வைத்துவிட்டுக் கடைசி நிமிடங்களில் ரெண்டு வாங்கி 3-2 என்று தோற்றோம். ரெண்டே நாளில் ஆள் காலி.

அன்று காலையில் பெஞ்சில் வந்து விழுந்த பெயர்களைக் கேளுங்கள். வலை பின்னிக்கொண்டிருந்த மாமா ஒருவர், அந்தக் காலத்தில் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்தில் இடது பக்கம் பறந்தவர், "ஆசானைத் திரும்பக் கூப்பிடு, வேற பேச்சே வேண்டாம்" என்றார். ஆசான் என்றால் ஸ்டாரேக்கு முன்பு கோச்சாக இருந்த இவான் வுகோமனோவிச். கல்லூரிப் பையன் ஒருவன், மொபைலில் அம்புக்குறி போட்ட வீடியோக்களாகப் பார்ப்பவன், லொபேராவைச் சொன்னான். மும்பைக்கு ஒரே சீசனில் லீக் முதலிடத்துக்கான ஷீல்டும் கோப்பையும் வாங்கிக் கொடுத்தவர், பந்தை வைத்து ஆடுவார், அவர்தான் வேண்டும். இன்னொருவன் ஹபாஸ். பொழியூரிலிருந்து ஆட்டோவில் ஆள் இறக்க வந்த சேட்டன், வண்டியை அணைக்காமலே, "மனோலோ மதி", அதாவது மனோலோ போதும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மனோலோ அப்போது கோவாவுக்கும் இந்தியாவுக்கும் சேர்த்துக் கோச்சாக இருந்தார், மூன்றாவதாக இதையும் தலையில் வைக்கச் சொல்கிறார் மனுஷன். ஒரு வாண்டு ஜிதான் என்றது. அதற்கும் நாலு பேர் தலையாட்டினார்கள்.

ஒருத்தர்கூட டி.ஜி. புருஷோத்தமன் என்று சொல்லவில்லை. அவர்தான் அணியின் உதவிப் பயிற்சியாளர், மலையாளி. ஸ்டாரே போன அன்று ரிசர்வ் அணிக் கோச் தோமாஸோடு சேர்த்து அவர் கையில்தான் அணியைக் கொடுத்தார்கள். இடைக்காலம் என்றார்கள். இடைக்காலம் என்ற சொல் வந்ததுமே எங்கள் ஆட்களுக்கு அவர் ஆளாகவே தெரியவில்லை. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவனை யார் ஏறிட்டுப் பார்ப்பார்கள்?

அந்த இடைக்காலத்தில் நடந்ததைப் பாருங்கள். டிசம்பர் 22இல் கொச்சியில் முகமதனை 3-0. ஜனவரி 5, டெல்லியில் பஞ்சாபோடு, ரெண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போய் ஒன்பது பேரோடு நின்று 1-0 ஜெயித்தார்கள். ஒடிஷாவை 3-2. ஜனவரி 30இல் சென்னைக்கே போய் சென்னையினை 3-1. (அன்று ராத்திரி எங்கள் ஊரில் வெடித்த வெடியைப் பற்றி நீலக்கட்சிக்காரர்கள் முன் பேசாதீர்கள்.) சீசன் முடிவில் 24 ஆட்டத்தில் 29 புள்ளி, எட்டாம் இடம். கழித்துப் பாருங்கள்: முதல் 12இல் 11, அடுத்த 12இல் 18. அதே பையன்கள், அதே சட்டை. சீசன் முழுக்க இந்த வேகத்தில் போயிருந்தால் 36 வரும். ஸ்டாரே போட்ட பள்ளம் பெரிது என்பதால் பிளே ஆஃப் கிடைக்கவில்லை.

மார்ச்சிலேயே டேவிட் கட்டாலாவை அறிவித்தார்கள். ஸ்பெயின்காரர். பெஞ்சுக்கு ஒரே சந்தோஷம், புது முகம், புது பெயர். 18 புள்ளி சேர்த்தவருக்கு ஒரு நன்றிகூட யாரும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் கட்டாலாவுக்கு எதிராகப் பேசவில்லை. வெளிநாட்டுக்காரன் வேண்டாம், உள்ளூர்க்காரனைப் போடு என்று கோஷம் போடவும் வரவில்லை. அப்படிப் போட்டால் வலை மாமா ஒரே கேள்வியில் என்னை உட்கார வைத்துவிடுவார். உட்கார வைக்கவும் செய்தார்:

"எடேய், ஆசான் வரும்போ அவருக்கு இந்தியா எங்க கிடக்குன்னு தெரியுமா? ஃபைனல் வரை கொண்டு போனாரா இல்லியா? கிபு விகுனா ஆரு? மோகன் பகானுக்கு ஐ லீக் வாங்கிக் குடுத்துட்டு வந்த ஆளு. இந்தியா தெரிஞ்ச ஆளு. நமக்கு என்ன செஞ்சாரு?"

உண்மைதான். கிபு வந்த 2020-21 சீசனில் 11 அணியில் பத்தாவது. அவருக்கு முந்தின எல்கோ ஷட்டோரியும் நார்த் ஈஸ்டில் பெயர் எடுத்துவிட்டு வந்தவர்தான், நமக்கு ஏழாவது. இவானோ செர்பியாக்காரர், இந்தியாவுக்குப் புதிதாக வந்து இறங்கி, முதல் சீசனிலேயே ஃபைனல். 2022 மார்ச் 20, ஃபத்தோர்டா, ஹைதராபாத்தோடு 1-1, பெனால்டியில் போயிற்று. எங்கள் ஊரிலிருந்தும் பையன்கள் போயிருந்தார்கள், திரும்பி வந்து ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அதனால் இந்தியா தெரிந்தவர், தெரியாதவர் என்று கோடு போட்டுப் பிரித்தால் என் வாதம் அங்கேயே விழுந்துவிடும்.

ஆனால் மாமா சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இவான் பக்கத்தில் அந்த சீசன் உட்கார்ந்திருந்தது யார்? இஷ்ஃபாக் அகமது. காஷ்மீர்க்காரர், 2014இல் முதல் சீசனிலேயே நம் அணிக்கு ஆடியவர், பிறகு உதவிப் பயிற்சியாளர். 2021 பிப்ரவரியில் கிபு பாதியில் போனபோது மிச்ச ஆட்டங்களைத் தாங்கியவரும் அவர்தான். எந்தப் பையன் எப்போது முகத்தைத் தூக்கி வைப்பான், யாருக்கு எந்தக் காலில் பழைய காயம், யார் ஊருக்குப் போன் பண்ணாமல் தூங்கமாட்டான் என்பதெல்லாம் அவருக்கு இவான் வருவதற்கு முன்பே தெரியும். அந்த சீசனில் சஹல் ஆறு கோல் போட்டான், ஜீக்சனும் புய்தியாவும் நடுக்களத்தைப் பிடித்தார்கள், கில் சிறந்த கோல்கீப்பருக்கான கோல்டன் க்ளவ் வாங்கினான். இவானின் பெருமையில் ஒரு காசும் குறைக்கமாட்டேன், அந்தப் பையன்களை நம்பிக் களத்தில் விட்டவர் அவர்தான். அவர் இல்லாதபோது என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2023 மார்ச் 3, பெங்களூருவில் நம் பையன்கள் தயாராகும் முன்பே சேத்ரி சட்டென்று அடித்துக் கோலாக்கிய அந்த ஃப்ரீ கிக், அதை எதிர்த்து அணியைக் கூட்டிக்கொண்டு இவான் வெளியே நடந்தது, அதற்கு 10 ஆட்டத் தடை, கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம். தடை அடுத்த சீசனுக்கும் நீண்டது. அப்போது ஓரத்தில் நின்று அணியை நடத்தியவர் ஃபிராங்க் டாவன், மறுபடியும் உதவிதான். அதே பெங்களூருவைக் கொச்சியில் 2-1 என்று ஜெயித்துத்தான் சீசனைத் தொடங்கினோம். டீக்கடையில் இருக்கும் எத்தனை பேருக்கு டாவன் பெயர் தெரியும்? கேட்டுப் பார்த்தேன். கல்லூரிப் பையனுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். முதல் நாற்காலிக்கு நீங்கள் யாரை வேண்டுமானாலும் கொண்டு வாருங்கள். ரெண்டாவது நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார், எத்தனை வருடமாக, அவர் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டா என்று கேட்கத் தொடங்குங்கள்.

இப்போது இது முன்னைவிடப் பெரிய விஷயம், அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐஎஸ்எல் 2014இல் தொடங்கியபோது களத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்கள் இருக்கலாம். இந்தியர்கள் ஐந்து பேர் இருந்தால் போதும். 2017-18இல் அது ஐந்தாகக் குறைந்தது, 2021-22இலிருந்து நாலு. ஆக, களத்தில் ஏழு பேர் இந்தியர்கள். அந்த முதல் வருடங்களில் ஒரு பெரிய பெயர் வந்து, தனக்குத் தெரிந்த ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, அவர்களை வைத்தே ஆட்டத்தை ஓட்டிவிடலாம். டேவிட் ஜேம்ஸ் அவரே கோலுக்கு நின்று அணியை ஃபைனலுக்குக் கொண்டு போனார். இப்போது அந்தக் கதை நடக்காது. மணிப்பூர்ப் பையன், மிசோரம் பையன், பஞ்சாப் பையன், மலப்புறம் பையன், இவர்கள் நாலு பேரும் ஒரே டிஃபென்ஸ் வரிசையில் நிற்பார்கள். ஸ்பெயின்காரர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒன்று சொல்லுவார், அது இவர்கள் காதில் நாலு விதமாக விழும். இடைவேளையில் அந்தப் பதினைந்து நிமிடத்தில் அதை ஒரே விதமாக விழ வைக்கிறவன் ரெண்டாவது நாற்காலிக்காரன்.

இது எனக்கு ஐஎஸ்எல் பார்த்து வந்த ஞானம் இல்லை. எங்கள் ஊர்த் திருவிழாப் போட்டியைப் பார்த்து வந்தது. வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது, எங்கள் அணியின் மேனேஜருக்கு முதல் வேலை ஆட்டத் திட்டம் போடுவது இல்லை, யார் கரையில் இருக்கிறான் என்று எண்ணுவது. ஆழ்கடலுக்குப் போன படகு ஒரு மாதம், அதற்கும் மேலே ஆகும் திரும்பி வர. ரைட் பேக் லட்சத்தீவுக்கு அந்தப் பக்கம் கிடப்பான், கோல்கீப்பர் தோப்பும்படியில் மீன் லேலம் (ஏலம்) முடியக் காத்திருப்பான். எங்கள் மேனேஜர் டீசல் பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் பெயர் எழுதி வைத்திருப்பார். சிலவற்றின்மேல் கோடு, சிலவற்றின் பக்கத்தில் படகின் பெயர், ஒரு பெயருக்குப் பக்கத்தில் "அம்மாவிடம் கேட்க" என்று இருக்கும். அந்தப் பையனின் அம்மா மூட்டு வலிக்குப் பயந்து அவனை ஆட விடமாட்டாள், யார் போய்ச் சொன்னால் விடுவாள் என்பதும் இவருக்குத் தெரியும். எந்த ரெண்டு பேர் பணத்தகராறில் பேசாமல் இருக்கிறார்கள், அவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் பாஸ் போகாது என்பதும் தெரியும். ஒரு வருடம் வெளியூரிலிருந்து லைசென்ஸ் உள்ள கோச் ஒருவரைச் சம்பளம் கொடுத்துக் கூட்டி வந்தார்கள், நல்ல மனுஷன், கூம்பு வைத்துப் பயிற்சியெல்லாம் கொடுத்தார். ரெண்டாவது நாளே அவர் எங்கள் மேனேஜரைத் தேடிப்பிடித்து, "அண்ணா, நீங்க என் பக்கத்துலயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டார். அந்த வருடம் செமி ஃபைனல் வரை போனோம்.

மற்ற கிளப்புகளிலும் இதே கதைதான், தேடினால் வரிசையாகக் கிடைக்கும். கிளிஃபோர்ட் மிராண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் ஒடிஷாவுக்கு இடைக்காலக் கோச். நம் கோழிக்கோட்டிலேயே பெங்களூருவை 2-1 என்று வீழ்த்தி சூப்பர் கப் வாங்கிக் கொடுத்தார். கோப்பையைக் கையில் வைத்திருந்த ஆளுக்கு வேலை நிரந்தரமாகவில்லை, அடுத்த மாதமே லொபேரா வந்துவிட்டார். மிராண்டா மறுபடி மோகன் பகானில் உதவி. பிறகு 2025இல்தான் சென்னையின் அவரை முழு கோச்சாக எடுத்தது, நீலக்கட்சிக்காரர்கள் அன்றைக்கு உதட்டைப் பிதுக்கியதை நான் பார்த்தேன். அவர்கள் ஆளான சபீர் பாஷாவும் 2022இல் கோச் பன்டோவிச் போனபோது மிச்ச சீசனைச் சுமந்தார், சுமந்து முடித்ததும் ஜெர்மன்காரர் பிர்டாரிச் வந்தார். பினோ ஜார்ஜ், 2022இல் மஞ்சேரியில் கேரளத்துக்கு மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி வாங்கிக் கொடுத்தவர், ஈஸ்ட் பெங்காலில் குவாட்ராட்டுக்கும் ஆஸ்கர் புரூசோனுக்கும் நடுவில் கொஞ்ச நாள் பாரம் சுமந்தார். சுமப்பதற்கு மட்டும் கூப்பிடுவார்கள்.

பிளாஸ்டர்ஸின் பழைய கணக்கையும் ஒரு தடவை புரட்டினால் போதும். 2015இல் 14 லீக் ஆட்டம் மட்டுமே கொண்ட சீசனில் பீட்டர் டெய்லர், டிரெவர் மார்கன், டெரி ஃபீலன் என்று மூன்று பேர், கடைசி இடம். 2016இல் கோப்பெல் வந்து கொச்சியில் ஃபைனல் ஆட வைத்தார், பெனால்டியில் 4-3 போயிற்று, அவரும் போனார். அடுத்து ரெனே மூலன்ஸ்டீன். ஃபெர்குசனின் ஆள், மான்செஸ்டர் யுனைடெட்டில் பயிற்சி கொடுத்தவர் என்று நாங்கள் தலைகால் புரியாமல் ஆடினோம், பாதி சீசனில் மூட்டை கட்டினார். ஜேம்ஸ் திரும்ப வந்தார், திரும்பப் போனார், நெலோ விங்காடா வந்தார். ஒவ்வொரு கோச்சும் போகும்போது அவரோடு அவர் தெரிந்து வைத்திருந்ததும் போய்விடுகிறது. அடுத்தவர் வந்து முதலிலிருந்து பையன்களின் பெயரைப் படிக்கிறார். 2014இலிருந்து ஒரே ஆள் அந்த ரெண்டாவது நாற்காலியில் இருந்திருந்தால்?

இந்திய அணி விஷயத்திலும் பெஞ்சில் இதே ஆட்டம்தான் நடந்தது. 2025 ஜூலையில் மனோலோ போனதும் கோச் வேலைக்கு 170 விண்ணப்பம் வந்தது என்றார்கள். அதில் ஸாவி பெயர் இருக்கிறது என்று செய்தி வந்த அன்று எங்கள் டீக்கடையைப் பார்த்திருக்க வேண்டும். பார்சிலோனாவின் ஸாவி! சம்பளம் கட்டுப்படி ஆகாது என்பதால் விட்டுவிட்டார்களாம் என்று கேட்டதும், ஊரில் வசூல் பண்ணியாவது கொடுக்கலாம் என்று ஒருத்தன் எழுந்துவிட்டான். கடைசியில் அந்த மின்னஞ்சலே போலி, கார்டியோலா பெயரிலும் ஒன்று வந்திருக்கிறது என்று இந்தியக் கால்பந்துச் சம்மேளனமே சொன்னது. ஸாவி பெயரில் அனுப்பியது நான்தான் என்று வேலூரில் படிக்கும் மாணவன் ஒருவன் சொன்னதாகச் செய்தி. நம்ம ஊர்ப் பையனுக்குக் குசும்பு அதிகம். ஆனால் பெரிய பெயரைக் கண்டால் நாம் எப்படி வாயைப் பிளக்கிறோம் என்பதை அவன் சரியாகப் பிடித்திருக்கிறான்.

வேலை காலித் ஜமீலுக்குக் கிடைத்தது. 2016-17இல் ஐசால் என்ற சின்ன அணியை ஐ லீக் சாம்பியன் ஆக்கியவர், சாவியோ மெடெய்ராவுக்குப் பிறகு 13 வருடம் கழித்து வந்த இந்தியக் கோச். முதலில் மத்திய ஆசியாவின் காஃபா கோப்பையில் ஓமானைப் பெனால்டியில் ஜெயித்து மூன்றாம் இடம், எல்லாரும் தலையில் தூக்கி வைத்தார்கள். அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்புப் போனது, நவம்பரில் டாக்காவில் பங்களாதேஷிடம் 1-0. உடனே பெஞ்சு என் பக்கம் திரும்பியது. "இந்தியன் கோச்சு இந்தியன் கோச்சுன்னு சொல்லுவியே, இப்ப என்ன சொல்லுத?"

நான் சொன்னது: அந்தத் தகுதிச் சுற்று அவர் வருவதற்கு முன்பே பாதி மூழ்கிவிட்டது. மார்ச்சில் பங்களாதேஷோடு 0-0, ஜூனில் ஹாங்காங்கிடம் 1-0, ரெண்டும் மனோலோ காலத்தில். மனோலோ கெட்டிக்காரர், ஹைதராபாத்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், ஆனால் ஒரே நேரத்தில் கோவாவையும் இந்தியாவையும் கட்டி மேய்த்தார். ஜமீலுக்கும் நேரம் இல்லை, ஆகஸ்ட் முதல் வாரம் கையில் கொடுத்து அக்டோபரில் கணக்குக் கேட்டால் எப்படி? இதில் யார் பாஸ்போர்ட் என்ன நிறம் என்பது எனக்குப் பிரச்சினையே இல்லை.

கலிபோர்னியாவில் இருக்கும் என் அக்கா மகன், அவன் அங்கே பேஸ்பால் பைத்தியமாகிவிட்டான், போனில் இதைக் கேட்டுச் சிரித்தான். அங்கேயும் இதே கூத்துதான் மாமா என்றான். 2025இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி பாப் மெல்வினை அனுப்பிவிட்டு டோனி விட்டெல்லோ என்பவரை எடுத்தது. டென்னசி பல்கலைக்கழக அணியின் கோச், தொழில்முறை பேஸ்பாலில் ஆடியதும் இல்லை, பயிற்சி கொடுத்ததும் இல்லை. வருடத்துக்கு 162 ஆட்டம் ஆடுகிற இடத்தில் கல்லூரி வாத்தியாரா என்று ரசிகர்கள் ரெண்டாகப் பிரிந்துவிட்டார்கள். "ஆனா ஒண்ணு மாமா, சண்டை போட்டவனெல்லாம் அடுத்து கேட்டது, பெஞ்ச் கோச்சா பக்கத்துல ஆரை உட்கார வைக்கப் போறாங்கன்னுதான்." அங்கே அந்த நாற்காலிக்குத் தனிப் பெயரும் மரியாதையும் இருக்கிறது. அவன் அதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

சும்மா புலம்பாமல் என் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டர்ஸ் புருஷோத்தமனுக்கு முழு கோச் வேலை கொடுத்தால் நான் ஊர் முழுக்க லட்டு கொடுப்பேன், கொடுக்கமாட்டார்கள் என்று தெரியும். அப்படியென்றால் ரெண்டாவது நாற்காலிக்கு மூன்று நாலு வருட ஒப்பந்தம் போடுங்கள், முதல் நாற்காலி காலியானாலும் அது காலியாகக் கூடாது. புதிதாக வருகிற கோச் தன் ஆட்களைக் கூட்டி வரட்டும், ஃபிட்னஸுக்கு ஒருத்தர், வீடியோவுக்கு ஒருத்தர், தாராளமாக வரட்டும், ஆனால் இந்த ஆளை வெளியே தள்ளுகிற அதிகாரம் அவருக்கு இருக்கக் கூடாது. வீரர்களை வாங்கும்போது, முக்கியமாக இந்தியப் பையன்களை வாங்கும்போதும் விற்கும்போதும், இவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ரசிகர் கூட்டம் 2025 ஜனவரியில் நிர்வாகத்துக்கு எதிராகக் கொடி பிடித்ததே, நியாயமான கோபம்தான், அந்தக் கோரிக்கைப் பட்டியலில் இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் பெஞ்சில் சொல்லி முடித்தேன். கல்லூரிப் பையன் யோசித்தான், புருஷோத்தமன் காலத்து ஆட்டங்களின் வீடியோவை எடுத்துப் பார்க்கிறேன் என்றான். நீலக்கட்சிக்காரர், அப்போ எங்கள் மிராண்டாவுக்கு வேலை கொடுத்ததற்கு நீ எங்களைப் பாராட்டணும் என்றார். பாராட்டினேன், வேறு வழி? வலை மாமா மட்டும் கண்ணியிலிருந்து ஊசியை உருவாமலே கேட்டார்:

"எல்லாம் செரிடே. கலூர்ல ரெண்டாவது கோச்சுக்கு எவன் ஃபிளக்ஸ் வைப்பான்?"

நான் வைக்கிறேன் என்றேன். எத்தனை அடி என்று கேட்டார். பன்னிரண்டுக்கு எட்டு. அந்தச் செலவில் பாதி அவர் தருவதாகவும், ஆனால் ஓரத்தில் ஆசான் படமும் இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். பேச்சுவார்த்தை நடக்கிறது.